வெளிநாட்டு ஊழியப் பயணம்: வாலிபர்களும் பெற்றோரும் கேட்டவை

இந்த மாதம் வந்த கடிதங்களில் பல, சொல்லிவைத்தாற்போல ஒரே பொருளைப் பற்றியவை. குமரி மாவட்டத்தின் மேற்கு எல்லையிலும், அதைத் தாண்டிப் பாறசாலை, நெய்யாற்றின்கரைப் பகுதிகளிலும் உள்ள சபைகளின் வாலிபர் ஐக்கியங்கள் விடுமுறை நாட்களில் வெளிநாட்டுக்குக் குறுகிய கால ஊழியப் பயணம் போகத் தொடங்கியிருக்கின்றன. மற்றக் கேள்விகளை அடுத்த இதழுக்கு ஒதுக்கிவிட்டு, இம்முறை இதை மட்டும் எடுத்துக்கொள்கிறேன்.

கேள்வி: எங்கள் வாலிபர் ஐக்கியத்தார் வரும் மே மாதத்தில் பத்து நாட்கள் இலங்கை மலையகத்தில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டம் ஒன்றிலுள்ள சபைக்கு ஊழியப் பயணம் போகத் திட்டமிட்டிருக்கிறோம். ஆலயத்துக்கு வர்ணம் பூசுவது, பகலில் பிள்ளைகளுக்கு விடுமுறை வேதாகமப் பள்ளி, மாலையில் நற்செய்திக் கூட்டம் என்று எல்லாம் வகுத்தாகிவிட்டது. சேகரக் குழுவில் பெரியவர் ஒருவர், "விமானத்துக்குக் கொடுக்கிற பணத்தை அப்படியே அவர்களுக்கு அனுப்பிவிட்டால் என்ன?" என்று கேட்கிறார். போவது சரிதானா?
– வாலிபர் ஐக்கியச் செயலாளர், களியக்காவிளை

பதில்: தம்பி, உங்கள் திட்டம் விரிவாக இருக்கிறது. ஆனால் அந்தத் தோட்டச் சபையார் உங்களை அழைத்தார்களா, அல்லது நீங்கள் வருவதாகச் சொன்னதும் மறுக்க மனமில்லாமல் சம்மதித்தார்களா என்பதைப் பற்றிக் கடிதத்தில் ஒரு வரியும் இல்லை. எல்லாம் அந்த ஒரு வரியில்தான் இருக்கிறது.

நம் பகுதியின் சபை வரலாறே ஓர் அழைப்பில் தொடங்கியது. மயிலாடியைச் சேர்ந்த மகராசன் சிதம்பரத்துக்கு யாத்திரை போனபோது தஞ்சாவூரில் நற்செய்தியைக் கேட்டு, வேதமாணிக்கம் என்ற பெயரில் திருமுழுக்குப் பெற்று ஊர் திரும்பினார். தம் ஊருக்கு ஒரு போதகர் வர வேண்டும் என்று அவர் விடாமல் கேட்டதன் பலனாகவே லண்டன் மிஷன் சங்கத்தின் ரிங்கல்தௌபே 1806இல் திருவிதாங்கூருக்குள் வந்தார். அவரும் கப்பலை விட்டு இறங்கிய கையோடு வந்துவிடவில்லை. தரங்கம்பாடியில் தங்கித் தமிழ் படித்த பிறகே வந்தார். 1816இல் அவர் விடைபெற்றபோது சபைகளின் பொறுப்பு வேதமாணிக்கத்தின் கையில்தான் வந்தது. அழைத்தவரும் உள்ளூர்க்காரர், வந்தவர் போன பிறகு தாங்கி நின்றவரும் உள்ளூர்க்காரர். ஞாயிறு பள்ளியில் நம் பிள்ளைகள் கேட்டு வளர்ந்த இந்த வரலாற்றைப் பயணத் திட்டம் எழுதும் மேசைக்கும் கொண்டுவர வேண்டும்.

அழைப்பு இல்லாமல் வகுத்த திட்டம் எப்படி இடறும் என்பதற்கு நீங்கள் குறித்திருக்கும் மே மாதமே போதும். மே நமக்கு விடுமுறை. இலங்கைப் பள்ளிகளுக்கு அன்று. அங்கே பொதுவாக ஏப்ரல் புத்தாண்டை ஒட்டியும், ஆகஸ்டிலும், டிசம்பரிலும்தான் விடுமுறை விடுவார்கள். பள்ளி நடக்கும் நாட்களில் நீங்கள் விடுமுறை வேதாகமப் பள்ளி வைத்தால், ஒன்று பிள்ளைகள் வர மாட்டார்கள். அல்லது ஊரிலிருந்து வந்த அண்ணன், அக்காவைப் பார்க்கும் ஆசையில் பள்ளியை விட்டுவிட்டு வருவார்கள். தோட்டப் பிள்ளைகளைப் பள்ளியில் நிலைநிறுத்த அங்கே ஆசிரியர்கள் படுகிற பாட்டை அறிந்தவர்களுக்கு இரண்டாவது நிலைமையே கூடுதல் வேதனை தரும். தவிர, நமக்கு இடவப்பாதி மழை தொடங்கும் அதே நாட்களில்தான் தென்மேற்குப் பருவமழை அட்டன், மஸ்கெலியாப் பக்கத்து மலைச்சரிவுகளிலும் இறங்குகிறது. அந்த மழையில் ஆலயத்தின் வெளிச்சுவருக்கு வர்ணம் பூச எந்தப் பெயின்டரும் ஒப்புக்கொள்ள மாட்டார். "நாங்கள் எப்போது வரட்டும்?" என்று ஒரு கடிதம் எழுதியிருந்தால் இரண்டும் தெரிந்திருக்கும்.

வர்ணம் பூசுவதைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். மார்த்தாண்டத்துக்கு அருகே ஒரு பள்ளிக்கூடத்துக்கு ஐரோப்பாவிலிருந்து வந்த வாலிபர்கள் சுவருக்கு வர்ணம் பூசியதை நான் பார்த்திருக்கிறேன். அன்புள்ள பிள்ளைகள், வெயிலில் முகம் சிவக்கச் சிவக்க வேலை செய்தார்கள். ஆனால் அந்தச் சுவரில் பல ஆண்டுச் சுண்ணாம்பு படிந்திருந்தது. அதைச் சுரண்டி எடுத்து, பிரைமர் அடித்த பிறகுதான் எமல்ஷன் பூச வேண்டும் என்று அவர்களுக்குச் சொல்வார் இல்லை. வாழ்நாளெல்லாம் அந்த வேலையைச் செய்துவந்த உள்ளூர்ப் பெயின்டர் ஒருவர் வேலியோரம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவரை யாரும் கூப்பிடவில்லை. அந்த வாரம் அவருக்கு வேலையும் இல்லை. அடுத்த மழைக்காலம் முடிவதற்குள் வர்ணம் பாளம் பாளமாக உரிந்து, உள்ளேயிருந்த பழைய சுண்ணாம்பு தெரிந்தது. அட்டனிலும் பெயின்டர்கள் இருக்கிறார்கள். ஆலயத்துக்கு வர்ணம் தேவை என்று அந்தச் சபையாரே சொன்னால், அவர்களுக்குத் தெரிந்த ஒருவரிடம் வேலையைக் கொடுத்து, கூலிக்கு உங்கள் பங்கை அனுப்புங்கள். ஆசையாயிருந்தால் உங்களில் இரண்டு பேர் அவருக்கு ஏணி பிடிக்கலாம்.

இந்த அளவில் உங்கள் சேகரக் குழுப் பெரியவர் சொல்வது முற்றிலும் சரி. உள்ளூர்க் கை செய்யக்கூடிய வேலையைச் செய்வதற்காக மட்டும் கடல் தாண்டிப் போவதானால், போகாமல் பணத்தை அனுப்புவதே நேர்மை. ஆனால் பணம் போய்ச் சேரலாம். மனிதரை மனிதர் அறிவது அதனால் நடக்காது. நீங்கள் போகப்போவது மொழி தெரியாத நாட்டுக்கும் அன்று. தமிழ் பேசி, தமிழில் ஜெபித்து, நாம் பாடும் அதே கீர்த்தனைகளைப் பாடும் மக்களிடம் போகிறீர்கள். அவர்களை அறிந்துகொள்வதுதான் உங்கள் பயணத்தின் வேலை என்றால், பெரியவரிடம் தைரியமாகச் சொல்லலாம்.

அறிந்துகொள்வது என்றால் எதை? தமிழகத்திலிருந்து தொழிலாளர்கள் மலைநாட்டுத் தோட்டங்களுக்குப் போகத் தொடங்கியது 1823இல் என்று கணக்கிட்டு, 2023இல் அதன் இருநூறாம் ஆண்டை மலையக மக்கள் நினைவுகூர்ந்தார்கள். அன்று மூதாதையர் தலைமன்னாரில் இறங்கி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்து, வழியில் நோயிலும் பசியிலும் ஏராளமானோர் மாண்ட அந்தத் தடத்தில் அவர்கள் மீண்டும் நடந்தார்கள். காப்பி நோயில் அழிந்து தேயிலை வந்தது. தேயிலை அந்த நாட்டுக்குச் செல்வம் தந்தது. ஆனால் அந்தக் கொழுந்தைப் பறித்துத் தந்தவர்களை 1948இன் குடியுரிமைச் சட்டம் நாடற்றவர்களாக்கியது. 1964இன் சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் அவர்களை இலங்கை, இந்தியா என்ற இரு நாடுகளுக்கும் பங்குபிரித்தது. எஞ்சியோரின் குடியுரிமைச் சிக்கல் தீர 2003ஆம் ஆண்டுச் சட்டம் வரை காத்திருக்க வேண்டியிருந்தது. அவர்களுடைய சபையும் உங்களிடமிருந்து தொடக்கப்பாடம் கேட்கும் சபை அன்று. 1854 முதலே திருநெல்வேலிச் சீமையிலிருந்து உபதேசியார்கள் காப்பித் தோட்டங்களுக்குப் போய்த் தொழிலாளர்களோடு தங்கி ஊழியம் செய்திருக்கிறார்கள். நாடற்றவர்கள் என்று சொல்லப்பட்ட காலத்திலும் விசுவாசத்தைக் காத்த தாய்மார் அங்கே இருக்கிறார்கள். மாலைக் கூட்டத்தில் நீங்கள் மேடையேறி அவர்களுக்குப் போதிப்பதைவிட, ஒரு மாலையாவது அவர்கள் பேச நீங்கள் தரையில் உட்கார்ந்து கேட்பது நல்லது என்று நான் உறுதியாக எண்ணுகிறேன்.

இனி நடைமுறைக் காரியங்கள். முழுக் குழுவும் ஒரே முறையில் புறப்பட வேண்டாம். முதலில் போதகரோடு இரண்டு மூன்று பேர் போய், அந்தச் சபையாரோடு உட்கார்ந்து பேசித் திரும்புங்கள். தோட்டத்துக்குள் இருக்கும் லயன் வீடுகளும் (தொழிலாளரின் வரிசை வீடுகள்) நிலமும் பெரும்பாலும் தோட்ட நிர்வாகத்தின் கையில் இருப்பவை. வெளியூரார் கூட்டமாக வந்து தங்குவதற்கு நிர்வாகத்தின் சம்மதம் வேண்டும், அதைக் கேட்டு வாங்க வேண்டியவர்கள் உங்களை அழைக்கும் சபையார். கொழுந்து பறிக்கும் பெண்களுக்கு நாட்கூலி. குறித்த அளவு கிலோ பறித்தால்தான் முழுக் கூலி கிடைக்கும். உங்களுக்குச் சமைத்துப் போடுவதற்காக ஒரு தாய் வேலைக்குப் போகாமல் நின்றால், அந்த நாளின் கூலி அவளுக்கு நட்டம். விருந்தோம்பலில் குறை வைக்காத மக்கள் அவர்கள். கேட்டால் "அதெல்லாம் ஒன்றுமில்லை" என்றுதான் சொல்வார்கள். ஆகவே கேட்காமலே, உணவுக்கும் தங்குவதற்கும் உரிய தொகையை முன்கூட்டியே அந்தச் சபையின் கணக்கில் சேர்த்துவிடுங்கள். எல்லாரும் அங்கே லயன் வீடுகளில் தங்குவது பங்கெடுப்பதுபோலத் தோன்றலாம். ஆனால் ஓர் அறையும் ஒரு சமையலிடமும் உள்ள வீட்டில் மூன்று விருந்தினர் படுத்தால் வீட்டார் எங்கே படுப்பார்கள்? ஆலயக் கூடத்திலோ, அருகிலுள்ள திருச்சபை விடுதியிலோ தங்குங்கள்.

அனுமதி விஷயத்தில் கண்ணை மூடிக்கொண்டு போகாதீர்கள். நம் நாட்டிலேயே சுற்றுலா விசாவில் வரும் வெளிநாட்டவர் மத ஊழியம் செய்யக் கூடாது. மிஷனரி விசா என்று தனியே உண்டு. அதே கண்ணோட்டத்தில் அவர்களும் நம்மைப் பார்ப்பார்கள் என்று எண்ணிக்கொள்வதே சரி. நீங்கள் அங்கே செய்யப்போவது என்னென்ன என்று உள்ளபடி எழுதி, எந்த வகை விசா வேண்டும் என்பதை அழைக்கும் திருச்சபையின் தலைமை வழியாக அந்நாட்டுக் குடிவரவுத் திணைக்களத்தில் எழுத்துமூலம் கேட்டு வாங்குங்கள். பாஸ்போர்ட் இல்லாதவர்கள் இப்போதே விண்ணப்பிக்க வேண்டும். உங்கள் ஐக்கியத்தில் எல்லைக்கு இருபுறத்தாரும் இருப்பார்கள். களியக்காவிளைக்கு இந்தப் பக்கத்தாருக்கு மதுரை மண்டல அலுவலகம், பாறசாலைப் பக்கத்தாருக்குத் திருவனந்தபுரம். போலீஸ் விசாரணையும் இரண்டு மாநிலங்களில் நடக்கும் என்பதால் எல்லாருக்கும் ஒரே நாளில் கைக்கு வரும் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

மே மாதத்தை விட்டுவிடுங்கள். அவர்கள் ஆகஸ்ட் என்றால் ஆகஸ்ட், அடுத்த ஆண்டு என்றால் அடுத்த ஆண்டு. இடைப்பட்ட மாதங்களில் இரு சபைகளின் வாலிபர்களும் கைப்பேசியில் சேர்ந்து ஜெபிக்கலாம், பாட்டுப் பழகலாம். நீங்கள் போய்வந்த பிறகு அவர்களில் சிலரை இங்கே வரவழைத்து, நம் ஆராதனையில் பேசவும் போதிக்கவும் இடம்கொடுங்கள். அவர்கள் பயணத்துக்கான செலவையும் இப்போதே உங்கள் திட்டத்தில் எழுதிவைத்தால், உங்கள் பெரியவரும் கையெழுத்துப் போடுவார் என்று நம்புகிறேன்.

கேள்வி: என் மகள் செவிலியர் படிப்பில் இரண்டாம் ஆண்டு. அவளுடைய ஜெபக்குழு நேபாளத்தின் மலைக் கிராமங்களுக்குப் போகிறது. மருத்துவ முகாம் நடத்தி, ஊசி, மருந்து எல்லாம் இவளே கொடுக்கலாம் என்றும், வீடு வீடாக நற்செய்திக் கைப்பிரதி கொடுக்கப் போகிறோம் என்றும் தலைவர் சொல்கிறார். இந்தியருக்கு விசா வேண்டாம் என்பதால் பயமில்லை என்கிறார்கள். எனக்கு மனம் ஒப்பவில்லை. தடுத்தால் ஊழியத்தைத் தடுத்த பாவம் வருமோ என்றும் அஞ்சுகிறேன்.
– ஒரு தாய், பாறசாலை

பதில்: அம்மா, உங்கள் மனம் ஒப்பாததில் நியாயம் இருக்கிறது. நீங்கள் ஊழியத்தைத் தடுக்கவில்லை. அது ஒழுங்காக நடக்க வேண்டும் என்று கேட்கிறீர்கள்.

விசா வேண்டாம் என்பது உண்மை. பாஸ்போர்ட்டோ வாக்காளர் அடையாள அட்டையோ இருந்தால் இந்தியர் நேபாளத்துக்குள் போகலாம். வயதுவந்தவர்களுக்கு ஆதார் மட்டும் போதாது. ஆனால் நுழைவது எளிது என்பதற்காக உள்ளே எதையும் செய்யலாம் என்று ஆகாது. 2015இல் நடைமுறைக்கு வந்த நேபாள அரசியலமைப்பின் 26ஆம் பிரிவு, தம் மதத்தைக் கடைப்பிடிக்க உரிமை தந்து, பிறரை மதம் மாற்றுவதைத் தடைசெய்கிறது. 2018 ஆகஸ்டு முதல் நடைமுறையிலுள்ள குற்றவியல் சட்டத்தின் 158ஆம் பிரிவுப்படி அதற்கு 5 ஆண்டு வரை சிறையும் 50,000 நேபாள ரூபாய் வரை அபராதமும் உண்டு. வெளிநாட்டவர் தண்டனைக் காலம் முடிந்ததும் நாடு கடத்தப்படுவார். வீடு வீடாகக் கைப்பிரதி கொடுப்பது இந்தச் சட்டத்தின் கீழ் வழக்காகக்கூடிய காரியம். அதைவிட என்னை உறுத்துவது வேறு. உங்கள் மகளின் குழு பத்தாம் நாள் பேருந்து ஏறிவிடும். அந்தக் கிராமத்தின் சிறிய சபையும் அதன் போதகரும் அங்கேயே இருப்பார்கள்; விசாரணை என்று வந்தால் அவர் வாசலில்தான் வரும். அவரைக் கேட்காமல் ஒரு தாளும் கையிலிருந்து போகக் கூடாது. அவர் வேண்டாம் என்றால் அதோடு விட்டுவிட வேண்டும்.

இரண்டாவது, மருத்துவம். இரண்டாம் ஆண்டு மாணவி நெய்யாற்றின்கரை ஆசுபத்திரியில் தன் பொறுப்பில் ஊசி போட முடியுமா? முடியாது. அப்படியானால் நேபாளத்து ஏழைக்கும் போடக் கூடாது. அங்கே சிகிச்சை அளிக்க வரும் வெளிநாட்டு மருத்துவர்களே அந்நாட்டு மருத்துவக் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு பெற வேண்டும். மாணவிகளைப் பற்றிச் சொல்லவே வேண்டியதில்லை. இதில் சட்டத்துக்கு மேலும் ஒன்று இருக்கிறது. ஒருநாள் முகாமில் ஒரு மூதாட்டியின் இரத்த அழுத்தத்தை அளந்து, பத்து நாளுக்கு மாத்திரை கொடுத்துவிட்டு வருகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்த மாத்திரை நாள்தோறும், அநேகமாக ஆயுள் முழுவதும் சாப்பிட வேண்டியது. பதினோராம் நாள் அவர் எங்கே போவார்? அருகிலுள்ள சுகாதார நிலையம் எது, அங்கே அதே மாத்திரை கிடைக்குமா, அந்த நிலையத்தாருக்கு இந்த முகாமைப் பற்றித் தெரியுமா என்ற கேள்விகளுக்குத் தலைவரிடம் விடை இல்லாவிட்டால் முகாமை விட்டுவிடச் சொல்லுங்கள்.

நம் நெய்யூரைப் பாருங்கள். 1838இல் தொடங்கிய மருத்துவப் பணி அது. 1922இல் எவரெஸ்ட் ஏறும் குழுவோடு வந்த அறுவை மருத்துவர் சோமர்வெல், அந்தப் பயணம் முடிந்து நெய்யூரைப் பார்க்க வந்தார். காத்திருந்த நோயாளிகளின் கூட்டத்தையும் அவர்களைப் பார்க்கப் போதிய மருத்துவர் இல்லாததையும் கண்டு, இங்கேயே பணிசெய்யத் தீர்மானித்தார்; அவர் இந்தியாவில் செலவிட்டது ஏறத்தாழ நாற்பது ஆண்டுகள். நேபாளத்திலும் அப்படி நிலைத்து உழைத்தவர்கள் உண்டு. 1954இல் தொடங்கிய நேபாள ஐக்கிய மிஷன், மதமாற்ற வேலையில் ஈடுபடுவதில்லை என்று அரசோடு உடன்படிக்கை செய்துகொண்டு, தான்சேன் போன்ற இடங்களில் மருத்துவமனை நடத்திவந்தது. கிறிஸ்துவின் அன்பால் ஏவப்பட்டவர்கள்தான் அவர்களும்.

உங்கள் மகள் போக விரும்பினால், கற்கப் போகட்டும். நேபாளத்தில் 1988 முதல் பெண் சமூக சுகாதாரத் தொண்டர்கள் கிராமந்தோறும் பணிசெய்கிறார்கள். சம்பளம் இல்லாமல், தாய்சேய் நலத்தில் அந்த நாடு கண்ட முன்னேற்றத்தைத் தாங்கிய பெண்கள் அவர்கள். பதிவுபெற்ற மூத்த செவிலியர் ஒருவரின் துணையோடு, உள்ளூர்ச் சுகாதார நிலையத்தின் அனுமதியோடு, அத்தகைய ஒரு தொண்டரோடு சில நாட்கள் நடந்துவந்தால் அவள் எந்த வகுப்பறையிலும் கிடைக்காததைக் கற்பாள். இப்படி மாற்றி அமைக்கத் தலைவர் சம்மதித்தால் ஜெபத்தோடு அனுப்புங்கள். சம்மதிக்காவிட்டால் நிறுத்துங்கள்.

கேள்வி: பயணத்துக்கான பணத்தை அறுப்பின் பண்டிகை ஏலத்திலிருந்தும், மீதியைச் சபை அறக்கட்டளைக் கணக்கிலிருந்தும் எடுக்கலாமா?
– சேகரப் பொருளாளர், மார்த்தாண்டம்

பதில்: ஏலப் பணத்தை எடுக்கலாம், ஆனால் ஏலம் தொடங்கும் முன்பே நோக்கத்தை ஆராதனையில் அறிவித்திருக்க வேண்டும். ஒரு பூவன் வாழைக்குலையை ஆயிரக்கணக்கில் ஏலம் எடுக்கிறவர் அது ஆலயக் கட்டடத்துக்கு என்று நினைத்துக் கொடுத்திருந்தால் பிறகு மனத்தாங்கல் வரும்.

அறக்கட்டளைக் கணக்கைத் தொடும் முன் தணிக்கையாளரைக் கேளுங்கள். வருமான வரி விலக்குப் பெற்ற அறக்கட்டளையின் வருமானம் இந்தியாவுக்குள் செலவிடப்பட்டால்தான் பொதுவாக அந்த விலக்கு நிற்கும். வெளிநாட்டில் செலவிட மத்திய நேரடி வரிகள் வாரியத்தின் தனி உத்தரவு வேண்டும். வெளிநாட்டு நன்கொடைக் கணக்கு இருந்தால் அதன் பக்கமே போகாதீர்கள். வெளிநாட்டு நன்கொடைச் சட்டத்தின் 2020ஆம் ஆண்டுத் திருத்தத்துக்குப் பின் அந்தப் பணத்தை வேறெந்த அமைப்புக்கும் மாற்றிக் கொடுக்க முடியாது. போகிறவர்கள் தங்கள் செலவைத் தாங்களே ஏற்பதும், முடியாத வீட்டுப் பிள்ளையின் பங்கை இரண்டு மூன்று பேர் பெயர் தெரியாமல் ஏற்றுக்கொள்வதும் தொல்லையில்லாத வழி. ரப்பர் விலை விழுந்த ஆண்டில் ஒரு வீட்டார் பணம் கட்ட முடியாததால் பிள்ளை பின்தங்கினான் என்ற பேச்சு சபையில் எழக் கூடாது.

கேள்வி: சென்ற ஆண்டு காட்மாண்டில் ஓர் அனாதை இல்லத்தில் எங்கள் குழு ஒரு வாரம் தங்கியது. புறப்படும்போது பிள்ளைகள் எங்களைக் கட்டிக்கொண்டு அழுதார்கள். எடுத்த படங்களை முகநூலில் போட்டு இல்லத்துக்குப் பணம் சேர்த்தோம். இந்த ஆண்டும் போக ஆசை. தோழி ஒருத்தி, இது தவறு என்கிறாள். பிள்ளைகளிடம் அன்பு காட்டுவது எப்படித் தவறாகும்?
– வாசகி, குழித்துறை

பதில்: உங்கள் அன்பை நான் சந்தேகிக்கவில்லை. ஆனாலும் தோழி சொல்வதையே நானும் சொல்கிறேன்.

நேபாளத்தில் இல்லங்களில் வளரும் பிள்ளைகளில் 85 விழுக்காட்டினருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருப்பதாக யுனிசெப் மதிப்பிட்டிருக்கிறது. நல்ல படிப்புத் தருவதாகச் சொல்லி மலைக் கிராமங்களிலிருந்து தரகர்கள் கூட்டிவந்த பிள்ளைகள் அவர்களில் உண்டு. வெளிநாட்டவர் வந்து பார்த்துப் பணம் தருவது நிற்காத வரை, இல்லங்களை நிரப்பப் பிள்ளைகளைத் தேடுவதும் நிற்காது. ஐக்கிய நாடுகள் பொதுச்சபை 2019இல் நிறைவேற்றிய குழந்தை உரிமைத் தீர்மானமே, இல்லங்களில் தன்னார்வலர்கள் வந்துபோவதால் விளையும் தீங்கைத் தடுக்கும்படி நாடுகளைக் கேட்டுக்கொண்டது. நீங்கள் தங்கிய இல்லம் நேர்மையானதாக இருக்கலாம். ஒரு வாரத்தில், மொழி தெரியாமல், அதை உங்களால் கண்டுபிடித்திருக்க முடியாது.

அந்த அழுகையையும் சிந்தித்துப் பாருங்கள். ஒரு வாரப் பழக்கத்தில் யாரையும் அப்படிக் கட்டிக்கொள்கிற பிள்ளை, அதற்கு முன் எத்தனையோ பேரிடம் அப்படி ஒட்டிப் பிரிந்திருக்கும். உங்களுக்குப் பின் வந்தவர்களிடமும் பிரிந்திருக்கும். நம் வீட்டுக் குழந்தையிடம் வாரத்துக்கு ஒரு புதிய அக்காவை அனுப்பிப் பறித்துக்கொள்ள ஒப்புவோமா?

முகநூலிலுள்ள படங்களை இன்றே எடுத்துவிடுங்கள். பெற்றவரின் சம்மதமில்லாமல் ஒரு குழந்தையின் முகத்தைக் காட்டிப் பணம் கேட்கக் கூடாது. இதுவரை கொடுத்த பணத்தைப் பற்றி அந்த இல்லத்திடம், அரசில் பதிவு உண்டா, ஒவ்வொரு பிள்ளையின் பெற்றோரைப் பற்றியும் ஆவணம் உண்டா, எத்தனை பேரைக் குடும்பத்தோடு சேர்த்திருக்கிறீர்கள் என்று எழுதிக் கேளுங்கள். பதில் திருப்தியாக இருந்தால் உதவியைத் தொடரலாம். இல்லாவிட்டால் பிள்ளைகளைப் பெற்றோரிடம் சேர்க்கும் பணியில் இருப்பவர்களுக்குக் கொடுங்கள். அந்தப் பிள்ளைகள்மேல் உங்களுக்குள்ள பாசத்துக்கு, அவர்கள் தங்கள் தாயிடம் திரும்புவதைவிட நல்ல பலன் வேறு இல்லை.

கேள்வி: எங்கள் சபையில் தமிழ் ஆராதனையும் மலையாள ஆராதனையும் உண்டு. தமிழ் வாலிபர்கள் இலங்கை போக வேண்டும் என்கிறார்கள். மலையாள வாலிபர்கள், பக்கத்தில் இருப்பதைப் பார்க்காமல் கடல் தாண்டுவானேன் என்கிறார்கள். யார் பக்கம் நிற்பது?
– ஞாயிறு பள்ளி ஆசிரியர், நெய்யாற்றின்கரை

பதில்: இரு பக்கத்தாரும் சேர்ந்து போகக்கூடிய இடம் பக்கத்திலேயே இருக்கிறது. 1964 ஒப்பந்தத்தின்படி இலங்கையிலிருந்து திருப்பி அனுப்பப்பட்ட மலையகக் குடும்பங்களுக்கு வேலை தருவதற்காகவே புனலூரை மையமாகக் கொண்ட மறுவாழ்வு ரப்பர் தோட்டங்கள் 1976இல் ஏற்பட்டன. குமரி மாவட்டத்தில் கீரிப்பாறைப் பக்கத்து அரசு ரப்பர் தோட்டங்களிலும் அப்படி வந்தவர்கள் வேலை செய்கிறார்கள். அவர்களில் பலருக்கு அக்கரையில் இன்னும் உறவு உண்டு. இலங்கைத் தேயிலைத் தோட்டத்துக்குப் போக ஆசைப்படுகிற பிள்ளைகளுக்கு இந்தக் குடும்பங்களைவிட நல்ல ஆசிரியர் கிடைக்க மாட்டார்கள். புனலூர்த் தோட்டங்களின் பிள்ளைகள் வீட்டில் தமிழும் பள்ளியில் மலையாளமும் பேசுகிறவர்கள். உங்கள் இரு ஐக்கியங்களும் அங்கே ஒன்றுக்கொன்று தேவைப்படும்.

மூணாற்றுப் பக்கமும் மறக்க வேண்டாம். 2020 ஆகஸ்டு 6ஆம் தேதி இரவு பெட்டிமுடியில் மலை சரிந்து, லயன்களில் உறங்கிக்கொண்டிருந்த தேயிலைத் தொழிலாளர் குடும்பங்களில் 70 பேர் மாண்டார்கள். பெரும்பாலோர் தமிழர். மலையகத்தாரின் வீட்டுரிமையைப் பற்றிக் கவலைப்படுகிற வாலிபர்கள் தம் மாநிலத்திலேயே அந்த உரிமை இல்லாமல் வாழ்கிறவர்களைத் தெரிந்துகொள்ளாமல் போனால், இலங்கையில் அவர்கள் பேசும் பேச்சுக்கு எடை இருக்காது. இங்கே ஓராண்டு பழகிய பிறகு, உறவுக் குடும்பங்களின் அழைப்போடு சிலர் கடல் தாண்டினால் அதில் தவறில்லை. யாரையும் யாருக்கும் எதிராக நிறுத்த வேண்டிய அவசியமும் வராது.

முதல் முறை புனலூர்ப் பக்கம் போகும்போது ஆசிரியராகிய நீங்களும் உடன் போங்கள். அந்தத் தோட்டத்துச் சபை ஊழியரிடம் முன்பே பேசி நாளைக் குறித்துக்கொள்ளுங்கள். ரப்பர் பால்வெட்டுத் தொழிலாளர்கள் விடியும் முன்னே மரத்தடிக்குப் போய், பால் எடுத்துக் கொடுத்துவிட்டு நண்பகலுக்கு மேல்தான் வீடு திரும்புவார்கள். குளித்து, சாப்பிட்டு, கொஞ்சம் கண்ணயர அவர்களுக்கு நேரம் வேண்டும். ஆகவே வேலை நாளானால் மாலை நான்கு மணிக்குப் பிறகு போங்கள். நான்கைந்து பேருக்கு மேல் ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டாம்.